புதுப்பிப்பு: சோபாவுக்கு மேல் கேன்வாஸ் மாட்டியாச்சு

ஹாலில் சோபாவுக்கு மேலே உள்ள வெற்றுச் சுவருக்கு என்ன அளவில் கேன்வாஸ் (துணியில் அச்சிட்ட படம்) வாங்கலாம், ஒரே படமா, மூன்று துண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரே படம்தான். மயிலாப்பூர் தெப்பக்குளம், மழை நாள், சாம்பல் பச்சை நிறங்கள். மூன்று துண்டாக வெட்டினால் கோபுரம் இரண்டாகப் பிளந்து நிற்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சோபா 84 அங்குலம். அதில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் என்று பலரும் சொன்ன கணக்குப்படி 56 அங்குலம், உயரம் 36. ஆர்டர் கொடுக்கும் முன் செய்தித்தாள்களை அதே அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். அங்கே கடிகாரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்த மாமியார்கூட அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும் என்பார்கள். சோபா சாய்மானத்துக்கு மேல் 8 அங்குலம் இடைவெளி விட்டதில் எங்களுக்கு 60 வந்தது. உட்கார்ந்தால் தலை இடிக்காது, அது போதும்.

மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்த்துவிட்டோம். எவ்வளவு நல்ல மையானாலும் வெயிலில் நாளடைவில் வெளுக்கும். படம் மாட்டிய சுவர் வெளிச்சுவர் என்பதால் ஈரம் தங்காமல் காற்றுப் போக, பின்பக்கக் கீழ் மூலைகளில் கார்க் துண்டுகள் ஒட்டியிருக்கிறேன்.

வாங்கும்போது, துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தின் உள்மூலைகளில் சின்ன மர ஆப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். துணி தொய்ந்தால் அவற்றை லேசாகத் தட்டினால் மறுபடி விறைப்பாகிவிடும். அப்புறம், இவ்வளவு பெரிய படத்துக்கு ஒற்றை ஆணி வேண்டாம். டிரில் போட்டு, துளைக்குள் பிளாஸ்டிக் பிளக் வைத்து இரண்டு ஸ்குரூ.