தெப்பக்குளத்து வீட்ட வித்துட்டு அப்பாவ பெசன்ட் நகருக்குக் கூட்டிப் போகலாமா?

தெப்பக்குளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மதுரைல வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் சொந்த வீடு, அப்பா கட்டுனது. அம்மா போயி ரெண்டு வருசமாச்சு, அப்பா தனியா கெடக்காரு, நான் மெட்ராஸ்ல வேலை, பெசன்ட் நகர்ல வாடகைக்கு இருக்கேன், நாலு தெரு தள்ளி கடல். போன மாசம் வந்து பத்து நாள் இருந்தாரு. தெனம் அஞ்சரைக்கே எந்திரிச்சு பீச்சுக்குப் போயி சூரியன் கெளம்புறத பாத்துட்டு வந்துதான் காப்பியே கேப்பாரு, அம்புட்டு சந்தோசம். இப்ப வீட்ட வித்து அங்கனயே ஒரு சின்ன பிளாட் பாத்துரலாமான்னு யோசனை. சொந்தக்காரய்ங்க எல்லாம் வையிறாய்ங்க. அங்க குடியிருந்தவங்க உள்ளத சொல்லுங்க.

கீழவாசல் பங்காளி:
விக்காதீங்க தம்பி. பத்து நாள் விருந்தாளியா இருந்தா எந்த ஊரும் நல்ல ஊருதான். நான் நாலு வருசம் அங்க குடியிருந்தவன். ஜன்னல் கம்பி, கேட்டு, பைக் செயின், பிரிட்ஜோட அடித்தகரம் வரைக்கும் உப்புக்காத்து தின்னுரும். கேட்டு கீலுக்கு வாரம் ஒருக்கா எண்ணெய் விடுவேன், அப்பவும் நான் ராத்திரி லேட்டா வந்தா கிரீச்சுன்னு தெருவுக்கே தகவல் போயிரும். ஏசி வெளிப்பெட்டி மூணாவது வருசமே காயில் அரிச்சு கேஸ் போச்சு, மெக்கானிக் தம்பி பாத்துட்டு "கடலோரம் சார்"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டான். எங்க ஆத்தா வீட்டுல நாப்பது வருசப் பூட்டு இன்னைக்கும் ஒரே திருப்புல தொறக்கும்ணே... சாரி, தம்பி. வெலைய விசாரிச்சீகளா? தெப்பக்குளத்து வீட்ட வித்தா அங்க ஒரு ஹாலும் பாத்ரூமும் வரும்.

திருமங்கலம் பொண்ணு:
பங்காளி அண்ணே, துரு பிடிக்கும், இல்லைங்கல. நான் கல்யாணமாகி இங்க வந்து 22 வருசமாச்சு, பழைய ஹவுசிங் போர்டு பிளாட்டு, மூணு தடவை கிரில் மாத்தியாச்சு. அதுக்காக ஊரே ஆகாதுன்னா எப்படி? சாயங்காலம் நாலு மணிக்கு மேல கீழ எறங்குனா பெரியவங்க எத்தனை பேர் காத்து வாங்க வந்து உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. ஒரு பக்கம் அஷ்டலட்சுமி கோயில், நடந்து போற தூரத்துல வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்ட் 29 கொடியேத்தம், அந்த வாரம் பூரா காவி சேலையும் காவி வேட்டியுமா எங்கெங்க இருந்தோ ஜனங்க நடந்தே வரும், ரோட்டோரம் நின்னு தண்ணி, மோர் குடுப்பாங்க, நான் பாக்கும்போதெல்லாம் அழகர் ஆத்துல எறங்குறப்ப நம்ம பக்கம் பானகம் ஊத்துறதுதான் ஞாபகம் வரும். மதுரைல ஆரம்பிச்ச முருகன் இட்லிக்கடை கூட இங்க இருக்கு, உங்க அப்பா பட்டினி கெடக்க மாட்டாரு.

மாசிவீதி மைனர்:
அழகரையும் அதையும் ஒண்ணா சொல்லாதீக தாயி 😄 பெசன்ட் நகர் ஊரே கெடையாது, காலனி. அன்னிபெசன்ட் அம்மா பேர வச்சு ஹவுசிங் போர்டு வீடு கட்டி விட்ட எடம். மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் 1970கள்ல வந்ததுதான். நம்ம பக்கம் ஒரு தெருமுக்குல நிக்கிற புள்ளையார் கூட அத விட வயசு ஜாஸ்தி. கடல்னா ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறுனா போச்சு.

திருமங்கலம் பொண்ணு:
மைனர் தம்பி, அது பிளாட்டுக்காரங்க கதை. பீச்சோட வடக்குப் பக்கம், அடையாறு கடல்ல சேர்ற எடத்த ஒட்டி ஊரூர் குப்பம்னு மீனவங்க ஊர் இருக்கு, பேர்லயே ரெண்டு ஊரு இருக்கு, அப்புறமும் ஊரில்லைன்னா என்ன சொல்ல. விடியக்காலம் போட் கரையேறுனதும் வலைய உதறுவாங்க பாருங்க, நண்டு ஒரு பக்கம் ஓடும், காக்கா ஒரு பக்கம் பாயும், மீன் பிரிக்கிற அக்காக்க கை அம்புட்டு வேகமா போகும். அங்கிட்டுதான் உடைஞ்ச பாலம், 1977 வெள்ளத்துல போனது, சீரமைக்கவே இல்ல, இப்ப போட்டோ எடுக்க ஆகுது. 2004 சுனாமியையும் பாத்த குப்பம் அது. நாங்க கடல வேடிக்கை பாக்குறோம், அவங்க அதுல பொழைக்கிறாங்க. அந்தப் பக்கம் பீச்ச ஒட்டி ரோடு போடணும்னு பேச்சு வந்தா மொதல்ல எதுத்து நிக்கிறதும் அவங்கதான்.

மாசிவீதி மைனர்:
சரி தாயி, ஊருதான், ஒத்துக்கிறேன். ஆனா இவரு அப்பா குப்பத்துலயா குடியிருக்கப் போறாரு? மூணாவது மாடில.

ரிட்டயர்டு வாத்தியார்:
தம்பி, ஒரு விசயம். அப்பா காலைல தண்ணில எறங்குறாரா? கரைல நிக்க மட்டும் சொல்லுங்க. பீச்சுல வெள்ளையா ஒரு வளைவு நிக்குமே, நெறைய பேர் அத கலங்கரை விளக்கம்னு நெனச்சுக்கிட்டு சாஞ்சு போட்டோ எடுப்பாங்க. அது கார்ல் ஷ்மிட்டுனு டென்மார்க் மாலுமி ஒருத்தரோட நினைவுச்சின்னம். 1930 டிசம்பர்ல முங்குனவங்கள காப்பாத்தப் போயி அவரு முங்கிட்டாரு. கடல்லயே பொழப்பு நடத்துன ஆளுக்கே அந்தக் கதி. மேல பாத்தா அலை சாதுவா இருக்கும், கால் முட்டிக்குக் கீழ இழுக்கும். வைகைல இடுப்பளவு தண்ணி பாத்து வளந்த நமக்கு அந்த இழுப்பு புரியாது. மத்தபடி நல்ல எடம், நான் மகள் வீட்டுக்குப் போனா மாசிலயோ பங்குனிலயோ போவேன், ராத்திரில காலேஜ் பிள்ளைக டார்ச்சோட பங்குனி ஆமை முட்டை தேடி மணல்ல நடப்பாங்க, 1988லருந்து இந்த வேலை நடக்குது. எடுத்துட்டுப் போயி வேலி போட்டு பொதச்சு வச்சு குஞ்சு பொரிச்சதும் கடல்ல விடுவாங்க. உள்ளங்கை கூட நெறையாது, ஆனா எறக்கி விட்டதும் கடல் எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியும்.

கீழவாசல் பங்காளி:
ஆமைக்குத் தெரியும் சார், அப்பாவுக்குப் பேச ஆள் வேணுமே. இங்க டீக்கடைக்கு நடந்து போனா அஞ்சு நிமிச தூரத்துக்கு அம்பது நிமிசம் ஆகும், அத்தனை பேரு நிப்பாட்டி கேப்பாய்ங்க. அங்க வாக்கிங்ல ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். நாலு வருசம் எதுத்த வீட்டுக்காரரு பேரே எனக்குத் தெரியாது, ஏழுமலையா ஏகாம்பரமா, இன்னைக்கு வரைக்கும் தெரியல.

திருமங்கலம் பொண்ணு:
நீங்க கேட்டீங்களாண்ணே அவரு பேர?

கீழவாசல் பங்காளி:
...கேக்கல.

தெப்பக்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அப்பாட்ட போன்ல நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் சொல்றாரு, "அங்க இருந்தப்ப காலைல கடல பாத்தேன், சரி. மத்தியானம் பூரா ஹால்ல உக்காந்து தெப்பக்குளத்துல இப்ப தண்ணி இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்"னு. அந்தக் குளம் காஞ்சு கெடந்தப்பதான் எனக்கு அதுக்குள்ள எறக்கி கிரிக்கெட் சொல்லிக் குடுத்தாரு. வீட்ட இப்போதைக்கு விக்கல. வர்ற டிசம்பர்ல ஒரு மாசம் கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.

கீழவாசல் பங்காளி:
டிசம்பர்லயா? மழை அடிச்சா வெளிய எறங்க முடியாது, மழை இல்லாட்டி குளுகுளுன்னு இருக்கும், ரெண்டுமே அந்த ஊரு நெசம் கெடையாது. மே மாசம் கூட்டிட்டுப் போங்க தம்பி. அதுவும் மேக்காத்து அமுக்கி கடக்காத்து மூணு மணி வரைக்கும் வராம நிக்கும் பாருங்க, வேர்த்து சட்டை முதுகோட ஒட்டிக்கும், அந்த நாள்ல கேளுங்க அவர்ட்ட.

திருமங்கலம் பொண்ணு:
மே மாசம் மதுரைல மட்டும் என்ன ஊட்டியாண்ணே? கூட்டிட்டு வாங்க தம்பி, மதியச் சாப்பாடு எங்க வீட்டுல. அப்பாவுக்கு அயிரை மீன் குழம்பு புடிக்குமா? அது மட்டும் இங்க லேசுல கெடைக்காது, வரும்போது அங்க இருந்தே வாங்கிட்டு வந்துருங்க.