மறு: எழுத்துச் சிதைவா, எழுத்துத் திரிபா?

அனைவருக்கும் வணக்கம்.

> கணினித் திரையில் தமிழ் குப்பையாகத் தெரிவதற்கு ‘எழுத்துச் சிதைவு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சிதைவு என்றால் கோப்பே கெட்டுவிட்டது என்றாகிறது. ஆனால் கோப்பில் ஒரு பைட்டுகூட (எழுத்துகளைச் சேமிக்கும் எண்) மாறவில்லை. படிக்கிற கணினிதான் வேறு குறியாக்க அட்டவணையை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை, வைத்துப் படிக்கிறது. ‘சிதைவு’ பிழை தேடுபவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். நானே அப்படி அலைந்தேன்.

போன மாதம் பெயர்ப்பட்டியலைப் படிக்க பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். என் லினக்ஸில் ஒழுங்காக ஓடியது. தோழியின் விண்டோஸிலோ ‘கமலா’ இருந்த கோப்பு குப்பையாக வந்தது. ‘கண்ணன்’ இருந்த கோப்பில் நிரலே நின்றுபோனது. கோப்பு கெட்டிருக்கும் என்று மூன்று முறை அனுப்பிப் பார்த்தோம். கடைசியில் குறை என் நிரலில்! கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் எதுவென்று நான் சொல்லவில்லை. பைத்தான் அந்தக் கணினியில் இருந்த விண்டோஸ்-1252ஐ, அதாவது மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கான அட்டவணையை, எடுத்துக்கொண்டது. கோப்போ எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருந்தது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். புள்ளியின் கடைசி பைட்டு 141. 1252 அட்டவணையில் அந்த இடம் காலி, அதனால் ‘கண்ணன்’ முட்டி நின்றது. உகரக் குறிக்கும் இதே கதிதான், அதன் கடைசி பைட்டு 129. ‘கமலா’வில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, பிழைச் செய்தியே வராமல் தப்பாக வந்தது. இதுதான் இன்னும் ஆபத்து. திறக்கும் வரியில் யுடிஎஃப்-8 என்று சேர்த்ததும் இரண்டும் சரியாகிவிட்டன.

ஆகவே ‘எழுத்துத் திரிபு’ என்று முன்மொழிகிறேன். ஜப்பானியர் இதை ‘மொஜிபாகே’ என்கிறார்கள்; எழுத்து உருமாறுவது என்று பொருள். அவர்களும் உடைந்தது என்று சொல்லவில்லை. நமக்குப் புணர்ச்சி இலக்கணத்திலேயே தோன்றல், திரிதல், கெடுதல் இருக்கின்றன. ஓரெழுத்து வேறாகத் தெரிந்தால் திரிதல். சரியான அட்டவணையில் மறுபடி படித்தால் மூலம் கிடைத்துவிடும். தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்தில் சேமித்து எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டால் கெடுதல். அந்தக் கோப்பிலிருந்து இனி மீட்க வழியில்லை. கோப்பு யுடிஎஃப்-8 என்று காட்டச் சில நிரல்கள் சேர்ப்பதால், கோப்பின் தலையில் நாம் எழுதாத மூன்று குறிகள் வந்து நிற்குமே (பைட்டுகள் 239, 187, 191), அது தோன்றல்.

---

வணக்கம் ஐயா. திரிபு நல்ல சொல், ஏற்கிறேன். ஆனால் திரையில் ‘கெடுதல்’ என்று காட்டினால் பயனர் ஏதோ தீங்கு வந்துவிட்டதென்று பயப்படுவார். ‘எழுத்திழப்பு’ என்றால் என்ன? தோன்றலைப் பயனருக்குக் காட்டவே வேண்டாம், நிரலே அதை நீக்கிவிடட்டும்.

---

சரிங்க. எழுத்திழப்பு என் சொல்லைவிடத் தெளிவு, அதையே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் செய்தி எழுதிப் பார்த்தேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

‘எழுத்துத் திரிபு: இந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். யுடிஎஃப்-8ஐத் தேர்ந்து மீண்டும் திறங்கள்.’

‘எழுத்திழப்பு: இந்தக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. சேமித்தால் எழுத்துகள் திரும்பக் கிடைக்காது.’