புதுப்பிப்பு: பச்சைத் தண்ணீர் தெளிந்துவிட்டது (யூவி, 200 லிட்டர் தொட்டி)

தங்கமீன் தொட்டியில், தண்ணீரில் மிதக்கும் பாசியைக் கொல்லும் 9 வாட் யூவி (புற ஊதா) விளக்கு எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது, ஓசோன் கருவி வாங்கவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தண்ணீர் விளக்கை மெதுவாகக் கடந்தால் வெளிச்சம் கூடுதலாகப் படும் என்று முதலில் பம்ப் வேகத்தைக் குறைத்தேன். ஒரு வாரத்தில் லேசான மாற்றம்தான். அப்புறம் ஒருவர் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு யூவியைத் திறந்தால், விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் முழுக்க வெள்ளை உப்பு! எங்கள் போர் தண்ணீர் அப்படி. வெளிச்சம் எங்கே வெளியே வரும்? வினிகரில் அரை மணி ஊறவைத்துத் துடைத்தேன். நான்காம் நாள், தொட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தெரிந்தது.

எதிர்பாராதது: நைட்ரேட் (மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேர்வது) 40 பிபிஎம்மிலேயே நிற்கிறது. கண்ணாடியில் ஒட்டிய பாசியும் அப்படியே. விளக்கைக் கடந்து போவதைத்தானே யூவி கொல்லும்! வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். ஓசோன் வாங்கவில்லை.