8க்கு 4 போர்டில் ஸ்டிக்கர் முழுக்கக் குமிழி, கெதியாக உதவி வேண்டும்

பாட்ஸ் கடை: அண்ணாமார், பஞ்சிகாவத்தையில் எங்கள் கடை போர்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன், ஒரு கரையில் தொடங்கி மற்றக் கரைக்கு வருவதற்குள் நடுவில் சுருக்கம், எல்லா இடமும் குமிழி. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் வெயில் ஏறத் திரும்பவும் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை கடை திறப்பு.

வெள்ளவத்தை வாசி: என்ன போர்டு? தகரமா, பிளைவுட்டா? பெயின்ட் அடித்ததா, எப்போது?

சவர்க்காரத் தண்ணீர்: எதுவாக இருந்தால் என்ன, நனைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஸ்ப்ரே போத்தல் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் 3 துளி. ஸ்டிக்கர் வழுக்கும், ஆறுதலாக நேராக்கி நடுவிலிருந்து தண்ணீரை வழித்துத் தள்ளலாம்.

பழைய தூரிகை: கொப்பிக்கு உறை போடுகிற வேலை இல்லை தம்பி இது. 8 அடித் தாளையும் ஒரேயடியாக உரித்திருப்பீர். நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கி, ஒரு பாதியின் பின்தாளை மட்டும் வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும், பிறகு மற்றப் பாதி. பின்பக்கம் காற்றுப் போக வாய்க்கால் உள்ள ஸ்டிக்கர் என்றால் தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும், அதையும் சொல்லிக் கொடுங்கள்.

சவர்க்காரத் தண்ணீர்: வாய்க்கால் ஸ்டிக்கரை அந்த விலைக்கு இங்கே யார் வாங்குகிறார்கள்?

கொட்டாஞ்சேனை: எப்படியும் ஒட்டுங்கள், தமிழைப் பார்த்து ஒட்டுங்கள். ஸ்டிக்கரில் வெட்டிய எழுத்து என்றால், சுற்றியுள்ள மிச்சத்தை உரிக்கும்போது புள்ளியும் சேர்ந்து போய், 'மருநதகம' என்று தொங்குகிறது.

பழைய தூரிகை: அவருடையது பிரின்ட் ஸ்டிக்கர் மாதிரித் தெரிகிறது, புள்ளி எப்படிப் போகும்?

கொட்டாஞ்சேனை: பிரின்டில் கொம்பு போகும்! பழைய டிசைன் சொஃப்ட்வெயாரில் யுனிகோட் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, போடுகிறவருக்குத் தமிழ் தெரியாது, யார் பார்ப்பது?

பாட்ஸ் கடை: தகரம். எனாமல், முந்தாநாள் அடித்தது.

வெள்ளவத்தை வாசி: அதை முதலே சொல்லியிருக்கலாமே. எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் தின்னர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும். மேலே ஸ்டிக்கர் மூடியிருக்க அது எங்கே போகும்? அதனால்தான் குத்தினாலும் திரும்ப வருகிறது. நனைத்தாலும் டேப் போட்டாலும் இதுதான் நடக்கும். குறைந்தது ஒரு வாரம் காய விட வேண்டும், உங்களுக்கு நேரமில்லை. புது ஸ்டிக்கர் அடித்து ஒரு கிளாடிங் ஷீட்டில் (இரு பக்கமும் மெல்லிய அலுமினியம் உள்ள பலகை) ஒட்டித் தகரத்தின் மேல் ஸ்க்ரூ பண்ணுங்கள். ஷீட்டின் மேல் உள்ள பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு.

பாட்ஸ் கடை: கிளாடிங்கில் சரிவந்தது, குமிழி இல்லை. ஒரு கரை அரை அங்குலம் சரிவு, கடைக்கு வந்த யாரும் கேட்கவில்லை. நன்றி அண்ணா.

சவர்க்காரத் தண்ணீர்: நனைத்தா ஒட்டினீர்கள்?

சவர்க்காரத் தண்ணீர்: தம்பி?