பழைய பிரிட்டிஷ் ராணுவ ஓவியம்: எந்த மாவட்டப் படை?

வணக்கம். கென்ட்டில் ஒரு பழம்பொருள் கடையில் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்புக் கோட்டு அணிந்த இளம் அதிகாரி, 30க்கு 25 அங்குலம், கையெழுத்து இல்லை. 'வாட்டர்லூ வீரர், 1815' என்று சொல்லி 2,400 பவுண்டு கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஓவியம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் 1815 என்பது பொருந்தவில்லை. துணியின் பின்புறம் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற ஓவியப் பொருள் நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனம் தொடங்கியதே 1832இல்தான். பிற்காலத்தில் பின்னால் வேறு துணி ஒட்டிய தடயமும் இல்லை, ஆகவே முத்திரை இருப்பது ஓவியத்தின் அசல் துணியில்தான். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்குகிறது, மார்பிலுள்ள வாட்டர்லூ பதக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. பழைய வார்னிஷின் மேல் பூசிய புது வண்ணம் அப்படித்தான் தெரியும், ஆகவே பதக்கத்தைப் பிற்பாடு யாரோ வரைந்து சேர்த்திருக்கிறார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

சரி, உடையைப் பார்த்தேன். சரிகையும் தோள் குஞ்சங்களும் வெள்ளி. 1830க்குப் பிறகு நிரந்தரப் படைக்குத் தங்கச் சரிகை, மிலிஷியாவுக்கு (மாவட்டவாரியான துணைப்படை) வெள்ளி. தோள் குஞ்சம் 1855இல் போய்விட்டது. ஆகவே 1832-55 காலத்து மிலிஷியா அதிகாரி என்று நினைக்கிறேன். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் கரும்பச்சை. பொத்தானில் ஒரு கிரீடம், அதன் கீழே இரண்டு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்தும் படிக்க முடியவில்லை. செல்சி தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் இணையப் படங்களோடு ஒப்பிட்டேன், ஒன்றும் ஒத்துவரவில்லை. படையின் பெயர் தெரியாமல், அதிகாரிகளின் பெயர்களைப் படைவாரியாகத் தரும் ராணுவப் பட்டியலிலும் தேட வழியில்லை.

வெள்ளிச் சரிகையோடு கரும்பச்சைப் பட்டை வைத்திருந்த மாவட்ட மிலிஷியாக்கள் எவை?