பறவைத் தண்ணீர்ச் சட்டியும் பரோட்டா நனைக்கும் காக்காவும்

சித்திரை பிறந்தால் பறவைக்குத் தண்ணீர் வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், வைத்த சட்டியை யார் கழுவுவது என்று ஒருத்தரும் பேசுவதில்லை. திருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அகலமான மண்சட்டி ஒன்று வைத்திருக்கிறேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கத்திக்கொண்டே குளிக்கும், அணில் விளிம்பில் தொத்திக்கொண்டு குடித்துவிட்டு ஓடிவிடும், இதுகளால் கொஞ்சம் எச்சமும் தூசியும்தான் சேரும். காக்கா சமாச்சாரமே வேறு.

தெருமுனையில் பரோட்டாக் கடை. அங்கே கிடக்கும் காய்ந்த துண்டைக் கவ்விக்கொண்டு வந்து சட்டிக்குள் போட்டு, அலகால் புரட்டிப் புரட்டி, மெத்தென்று ஆனதும்தான் தின்னும். காய்ந்த இரையை நனைத்துத் தின்பது காக்காவுக்கு வழக்கம், திட்டிப் பயனில்லை. ஆனால் சால்னா எண்ணெய் தண்ணீர்மேல் மினுமினுவென்று படர்ந்து, அடியில் ஒரு எலும்பும் கிடந்தால் மே மாத வெயிலில் மத்தியானத்துக்குள் நாற்றம் எடுத்துவிடும். மேலே புதுத் தண்ணீர் ஊற்றி நிரப்புவதெல்லாம் வேலைக்கு ஆகாது, கவிழ்த்துக் கொட்டத்தான் வேண்டும்.

கொட்டினால் மட்டும் போதாது என்று சொன்னவர், கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் அக்கா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தண்ணி மாத்துறீங்க, சரிண்ணே, விளிம்பத் தேய்க்கிறீங்களா?” என்றார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான பக்கச் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. அது காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும், பொரித்ததில் இருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும்.

அதனால் இரண்டு சட்டி வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். ஒன்றில் தண்ணீர் இருக்கும்போது மற்றது தேய்த்துக் கவிழ்த்து வெயிலில் காயட்டும். தேங்காய் நாரும் ஒரு பிடி மணலும் போதும், பாசி வழித்துக்கொண்டு வந்துவிடும். சோப்பு வேண்டாம், மண்சட்டி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பறவை இறகில் இருக்கும் எண்ணெய்ப் பசைக்கும் அது ஆகாது. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும், அதற்கு ஒரு பங்கு வினிகரில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துத் தேய்த்து நன்றாக அலசிவிடுங்கள். (வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள், எச்சத்தில் கிருமி இருக்கும், சோப்பு வேண்டாமென்றது சட்டிக்குத்தான்.)

நிழலில் வைத்தால் பாசி மெதுவாகத்தான் பிடிக்கும், வேப்பமரத்தடி என்றால் பூவும் இலையும் விழும், அதையும் அள்ளவேண்டும். பீங்கான் தொட்டி கழுவ லேசு, ஆனால் வழவழப்பில் குருவிக்குக் கால் நிற்காது, இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று போடுங்கள், தேய்க்கும்போது அந்தக் கல்லையும் சேர்த்து.