புளியடி வளவு குடும்பம்: கல்வெட்டு ஃபோம்

கபிலன் (6:31 மாலை)
எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மாவின்ர 31ஆம் நாளுக்கு கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறதுக்கு வெள்ளிக்கிழமைக்கிடையில விசயம் முழுக்க வேணுமாம் எண்டு அச்சகத்தில நிக்கினம். திதி வெண்பா, தேவாரம் எல்லாம் ரெடி, வம்சாவளிப் பக்கம்தான் மிச்சம். எட்டுச்செலவண்டு நீங்கள் துண்டுபேப்பரில எழுதித் தந்ததில பாதி வாசிக்கவே ஏலாமக் கிடக்கு. அதால ஒரு ஃபோம் செய்திருக்கிறன், கீழ லிங்க் கிடக்கு. பேர், பிறந்த திகதி, ஆரின்ர பிள்ளை, இப்ப இருக்கிற விலாசம், ஒரு படம். அவ்வளவுதான். கெதியா நிரப்புங்கோ.

பெரியம்மா
கபிலன் தேத்தண்ணி ஆறுது

குகன் அத்தான்
🙏

வசந்தி சித்தி லண்டன்
லிங்கை அமத்தப் பயமாக்கிடக்கு. உது வைரஸோ

துஷி மச்சாள்
கூகிள் ஃபோமில 5 நிமிச வேலை மச்சான். ஏன் மினக்கெடுறாய்

ரவி மாமா கனடா
விலாசம் எதுக்கு

குகன் அத்தான்
காணிக் கேசுக்கு நோட்டீஸ் அனுப்ப 😂

ரவி மாமா கனடா
பகிடி இல்லை, கேக்கிறன்

கபிலன்
கல்வெட்டுப் புத்தகம் தபாலில அனுப்பத்தான் மாமா. விருப்பமில்லாட்டி விலாசப் பெட்டியை வெறுமையா விடுங்கோ, அதுக்கு ரிக்வயர்ட் ஃபால்ஸ், கட்டாயமில்லை எண்டுதான் குடுத்திருக்கு.

சித்தி, வைரஸ் இல்லை, நான் பைதன் எண்ட கம்பியூட்டர் மொழியில எழுதினது. துஷி, கூகிள் ஃபோம் கேட்டதை எல்லாம் கொண்டுபோய் ஒரு ஷீற்றில கொட்டும், பேந்து ஆர் ஆரின்ர பிள்ளை எண்டு நான் இருந்து கோக்கோணும். இது ஜாங்கோ, பைதனில வெப்சைற் செய்யிறதுக்கு எண்டு இருக்கிற ஒரு சட்டகம். 2005 இல வெளியில விட்டது, அமெரிக்காவில கன்சாஸில ஒரு பத்திரிகைக் கந்தோரில வேலை செய்த பெடியள் தங்கட வேலையைக் கெதியா முடிக்கச் செய்தது, பேர் வைச்சது ஜாங்கோ ரைன்ஹார்ட் எண்ட கிற்றார் வாசிக்கிறவரை நினைச்சு. முந்தியெண்டால் ஒரு ஃபோமுக்கு எச்டிஎம்எல்லில ஒவ்வொரு பெட்டியும் கையால அடிக்கோணும், ஆள் அனுப்பினதை செர்வரில ஒவ்வொண்டா எடுத்து வெறுமையோ, திகதி சரியோ எண்டு இஃப் இஃப் எண்டு எழுதிக்கொண்டே போகோணும், ஒண்டு பிழைச்சால் அவர் நிரப்பின மற்றதெல்லாத்தையும் திரும்பப் பெட்டியளுக்குள்ள போட்டுக் காட்டோணும், ஒரு பெட்டி கூட்டினால் மூண்டு இடத்தில மாத்தோணும். இதில ஒரு கிளாஸ் எழுதினால் காணும். பேருக்கு சார்ஃபீல்ட், பிறந்த நாளுக்கு டேற்ஃபீல்ட், படத்துக்கு இமேஜ்ஃபீல்ட். பெட்டி போடுறதும் அதுதான், வந்ததைச் சரிபாக்கிறதும் அதுதான், பிழையெண்டால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலயே சொல்லுறதும் அதுதான். இடியப்ப உரல் மாதிரி, அச்சு ஒண்டு, தட்டு எத்தினை எண்டாலும் பிழியலாம்.

பெரியம்மா
இடியப்ப உரல் எண்டவுடன தான் ஞாபகம் வருது. எட்டுக்கு எடுத்த பித்தளை உரல் ஆரிட்ட

வசந்தி சித்தி லண்டன்
அது அம்மாவின்ர சீதன உரல். எனக்கெண்டு சொன்னவ

பெரியம்மா
எப்ப சொன்னவ

வசந்தி சித்தி லண்டன்
2014 வந்து நிக்கேக்க. நீங்கள் குசினிக்குள்ள இருந்தனீங்கள்

ரவி மாமா கனடா
இஞ்ச விடிஞ்சு பல்லுக்கூட தீட்டேல்ல. துவங்கியாச்சு

கபிலன்
உரலை விடுங்கோ. ஃபோம் 🙏

துஷி மச்சாள்
திறந்து பாத்தன். ஃபர்ஸ்ற் நேம் லாஸ்ற் நேம் எண்டு பிரிக்காமல் முழுப்பேர் எண்டு ஒரே பெட்டி 👏 இஞ்ச ஸ்கூல் ஃபோமுக்கு மேல ஃபோம் அப்பான்ர பேரை என்ர பேராக்கி வைச்சிருக்கு

துஷி மச்சாள்
ஆனா உறவு எண்ட பெட்டியைக் காணேல்ல?

கபிலன்
வேணுமெண்டுதான் வைக்கேல்ல. அவ எனக்கு அம்மம்மா, உனக்கு அப்பம்மா, குகன் அத்தானுக்கு ஆச்சி, லிஸ்ட் போட்டால் முடிவே இல்லை. தாயையும் தகப்பனையும் மட்டும் கேட்டாக் காணும், மிச்சம் அதிலயிருந்து கணக்கில வரும். அந்த ரண்டும் மொடல்சொய்ஸ்ஃபீல்ட், ஏற்கனவே பதிஞ்ச ஆக்களின்ர பேர்தான் லிஸ்ட்டா விழும், தெரிவு செய்தாச் சரி, ரைப் அடிக்கத் தேவையில்லை. அதால மேல இருந்து கீழ நிரப்புங்கோ, தாய் தகப்பன் முதல், பிள்ளையள் பேந்து.

குகன் அத்தான்
என்ர பிள்ளைக்கு என்னைக் காணேல்ல

கபிலன்
நீங்கள் இன்னும் உங்களைப் பதியேல்ல அத்தான்

ரவி மாமா கனடா
பிறந்த திகதிக்கு கலண்டர் வருது. 1958க்கு உருட்டி உருட்டி விரல் நோகுது. சும்மா ரைப் அடிக்க விட்டால் என்ன

கபிலன்
மேல வருசம் நிக்குதெல்லோ, அதில தட்டுங்கோ, வருச லிஸ்ட் வரும். ரைப் அடிக்க விட்டால் வில்லங்கம் மாமா. ஜாங்கோ சும்மா விட்டால் அமெரிக்காக்காரர் மாதிரி மாசத்தைத்தான் முன்னுக்கு எடுக்கும். 25/04 எண்டு அடிச்சால் 25ஆம் மாசம் இல்லை எண்டு பிடிச்சுப்போடும். 04/11 எண்டு அடிச்சால் பேசாமல் ஏப்ரல் 11 எண்டு எடுத்துப்போடும், ஒருத்தருக்கும் தெரியாது. இன்புற் ஃபோமற்ஸ் எண்டு குடுத்து நாளை முன்னுக்கு வாசிக்கச் சொல்லலாம்தான், ஆனா நீங்கள் கனடாவில மாசத்தை முதல் எழுதிப் பழகியிருப்பியள், சித்தி லண்டனில நாளை முதல் எழுதுவா. கலண்டர் எண்டால் ஒருத்தருக்கும் சண்டையில்லை.

பெரியம்மா
ரவி 58 ஆவணி அத்தம். சாதகத்தில கிடக்கு. பிறப்புப் பதிவில ஐயா பிந்திப் போய்ப் பதிஞ்சு புரட்டாதி ஆக்கிப்போட்டார்

ரவி மாமா கனடா
அப்ப எதைப் போடுறது

பெரியம்மா
சாதகம்

வசந்தி சித்தி லண்டன்
பதிவுதான் சட்டம்

ரவி மாமா கனடா
🤔

வசந்தி சித்தி லண்டன்
கபிலன், மகள் நிரப்பினவள். சிவப்பு எழுத்தில “தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் 15 வருடம் இல்லை” எண்டு வருது. அவள் 1990. நிரப்பினதெல்லாம் அப்பிடியே நிக்குது ஆனா சேவ் ஆகுதில்லை

கபிலன்
அது நான் கிளீன் எண்ட இடத்தில எழுதின சின்னக் காவல் சித்தி. ஒவ்வொரு பெட்டியும் தன்ரை தன்ரையைப் பாக்கும், ரண்டு மூண்டு பெட்டியைச் சேர்த்துப் பாக்கிறது அதுக்குள்ளதான். உங்கட பிறந்த வருசம் 1976 எண்டு பதிஞ்சிருக்கு.

ரவி மாமா கனடா
அது லண்டனில போட்ட வயசு 😂😂 கம்பியூட்டர் பிடிச்சுப்போட்டுது

பெரியம்மா
வசந்தி 70 மார்கழி. மழை ஒழுக ஒழுக மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினது நான்

வசந்தி சித்தி லண்டன்
எல்லாருக்கும் முன்னால ஏன் இப்ப. பாஸ்போட்டில உள்ளதைத்தான் போடுவன்

கபிலன்
கல்வெட்டில வருசத்தை அடிக்கிறதில்லை சித்தி, மூத்தது இளையது வரிசைக்குத்தான் கேட்டது. நீங்கள் 76 எண்டாலும் நாலாவதாத்தான் நிப்பியள். உங்களுக்காக அந்தக் காவலை 12 வருசமாக் குறைச்சு விடுறன், ஒரு வரிதான்.

துஷி மச்சாள்
மாமிக்காக ஜாங்கோவை வளைச்ச முதல் ஆள் 😂

ரவி மாமா கனடா
தகப்பன் லிஸ்ட்டில சின்னவன் நிக்கிறான். ஆர் போட்டது

வசந்தி சித்தி லண்டன்
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கபிலன்
நான்தான் மாமா. அம்மம்மாவுக்கு அஞ்சு பிள்ளையள், அஞ்சையும் முதலே போட்டுத்தான் துவங்கினது.

ரவி மாமா கனடா
கிணத்தடிக் காணி விசயம் முடியுமட்டும் அவன்ர பேர் வேண்டாம். அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்து படலையடியில நிண்டிட்டுப் போனவன். எடு

கபிலன்
எடுக்க விடாது மாமா. சின்ன மாமாவுக்குக் கீழ ரண்டு பேர் பதிஞ்சிருக்கு. தகப்பன் இணைப்பில ஆன் டிலீற் புரொரெக்ற் எண்டு குடுத்திருக்கிறன், கீழ பிள்ளை இருக்கும்வரைக்கும் மேல உள்ள ஆளை அழிக்க ஏலாது. காஸ்கேட் எண்டு மாத்தினால் அழியும், ஆனா அவரோட சேர்த்து பிள்ளையளும் அழிஞ்சுபோகும்.

ரவி மாமா கனடா
பிள்ளையளை நான் சொல்லேல்ல

துஷி மச்சாள்
அப்பா 🤦‍♀️

பெரியம்மா
கடைசி மாசம் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கினது சின்னவன்ர மூத்தவள். அவள் நேற்றே நிரப்பிப்போட்டாள்

குகன் அத்தான்
ஆளைக் கூட்டினால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் அச்சுக்கூலி கூடும். பாத்துச் செய்யுங்கோ

கபிலன்
மூண்டாவது வழி ஒண்டு இருக்கு. தகப்பன் பெட்டி வெறுமையா இருக்கலாம், செற் நல் எண்டு குடுத்தால் அவர் அழிவார், பிள்ளையள் தகப்பன் இல்லாமல் நிப்பினம். ஆனா வம்சாவளியில அவையைக் கொண்டுபோய் எந்தக் கிளையில போடுறது எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.

ரவி மாமா கனடா
வியாழன் பாப்பம்

கபிலன்
வெள்ளி விடிய அச்சகத்துக்குக் குடுக்கோணும் மாமா

ரவி மாமா கனடா
வியாழன் எண்டு சொன்னனான்

வசந்தி சித்தி லண்டன்
படம் ஏத்தினன், ஆள் பக்கவாட்டில படுத்துக்கிடக்கு

கபிலன்
போனில எடுத்த படம் அப்பிடி வரும், நான் திருப்பிவிடுறன்

குகன் அத்தான்
கீரிமலைக்கு வான் அட்வான்ஸ் குடுக்கோணும். ஒண்டோ ரண்டோ

பெரியம்மா
சின்னவன் வந்தால் ரண்டு. வராட்டி ஒண்டு காணும்

ரவி மாமா கனடா
👍

குகன் அத்தான்
எதுக்கு மாமா 👍, ஒண்டுக்கோ ரண்டுக்கோ